இதிலிருந்து பெறப்படுவது யாது?

தர்மாசனம் சட்டக் கலாசாலையில் எண்பது இடத்துக்கு அந்த வருஷம் ஆயிரத்துச் சொச்சம் பேர் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் வரை யாருக்கு இடம் என்று முடிவு செய்வதில் கலாசாலைக்குச் சிரமமே இருந்ததில்லை. சிபாரிசுக் கடிதங்களைக் கனத்தின்படி அடுக்கி வைப்பார்கள். மேலே இருக்கிற எண்பது கடிதங்களுக்குச் சொந்தக்காரர்கள் வக்கீலாவார்கள். அந்த வருஷம் இந்த நல்ல முறைக்குக் கேடு வந்தது. எல்லாரும் ஒரே அமைச்சரிடம் போய்க் கடிதம் வாங்கிவிட்டார்கள். அமைச்சருக்கு ஒரே மாதிரி கடிதம்தான் எழுத வரும். எதை மேலே வைப்பது, எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் கலாசாலை திகைத்துப்போய், விஞ்ஞானத்தின் பக்கம் திரும்பியது.

விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தவர் தேவசகாயம். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே கோர்ட்டில் எழுத்தராகச் சேர்ந்து, கொடி மாறிய பிறகும் நாற்காலி மாறாமல் இருந்து ஓய்வு பெற்றவர். வெய்யிலிலும் கோட்டுப் போட்டிருப்பார். ஊரில் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் மொசியே என்றுதான் கூப்பிடுவார்கள். மகனைப் பார்க்கப் பாரீசுக்குப் போனவர், திரும்பி வரும்போது இரண்டு புட்டி வாசனைத் தண்ணியும் அனுமானத் தேர்வும் கொண்டுவந்தார். வாசனைத் தண்ணியைத் தனக்கு வைத்துக்கொண்டார். தேர்வைக் கலாசாலைக்குக் கொடுத்தார்.

தேர்வு என்னவென்றால், நாலு வரி கொடுத்திருப்பார்கள். அதற்குக் கீழே, ‘இதிலிருந்து பெறப்படுவது யாது?’ என்று கேட்டிருப்பார்கள். நாலு விடை இருக்கும். அந்த நாலு வரிக்குள் இருப்பதை வைத்து மட்டுமே விடை சொல்ல வேண்டும். வெளியே இருந்து ஒரு தூசு உள்ளே வரக்கூடாது.

விண்ணப்பம் போட்ட அத்தனை பேரையும் கூட்டி வைத்து மொசியே தேவசகாயம் பேசினார்.

“மாணவர்களே, வக்கீல் என்பவன் யார்? காகிதத்தில் இருப்பதை மட்டும் பார்க்கிறவன். நான் முப்பது வருஷம் கோர்ட்டில் இருந்தேன். என் கண்ணெதிரே எத்தனையோ நிரபராதிகள் சிறைக்குப் போனார்கள். அவர்கள் நிரபராதிகள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் காகிதத்தில் இல்லை. ஆகவே நான் ஒரு நாள்கூடத் தூக்கம் கெட்டதில்லை. இந்த மன ஒழுக்கத்தைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறோம். உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.”

கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த கன்னியப்பனும் தட்டினான். அவன் காலில் செருப்பில்லை. தெரிந்ததை எங்கே விடுவது என்று அவனுக்குக் குழப்பமாக இருந்தது.

கன்னியப்பன் முத்தியால்பேட்டைக்காரன். மில்லில் பதிலி வேலை பார்த்தான். பதிலி என்றால், நிரந்தரத் தொழிலாளி எவனாவது வராத அன்றைக்கு அவன் இடத்தில் நின்று வேலை செய்கிறவன். சங்கு ஊதுவதற்கு முன்னால் பதிலிகளெல்லாம் வாசலில் வந்து நிற்பார்கள். சங்கு ஊதி முடிந்ததும் டைம் கீப்பர் வருவான். யார் வரவில்லையோ அவனுடைய டோக்கனை எடுத்து, நிற்கிறவர்களில் ஒருவன் கையில் கொடுப்பான். அந்த டோக்கனோடு உள்ளே போனால் சாயங்காலம் வரை அந்த ஆளின் பெயர்தான். மேஸ்திரி அந்தப் பெயர் சொல்லித்தான் திட்டுவான். திட்டு மட்டும் பதிலிக்குச் சேரும். வருகைக் கணக்கு டோக்கன்காரனுக்குச் சேரும். கன்னியப்பன் அந்த மில்லில் ஏழெட்டு வருஷமாக உழைத்திருக்கிறான். கன்னியப்பன் என்ற பெயரில் ஒரு நாள்கூட உழைத்ததில்லை.

பதிலிகள் நாற்பது பேர் சேர்ந்து, எங்களையும் நிரந்தரம் ஆக்கு என்று தொழிலாளர் கோர்ட்டில் கேசு போட்டிருந்தார்கள். மில் நிர்வாகம் ரொம்ப மரியாதையாகப் பதில் கொடுத்தது. இந்த நாற்பது பேரில் ஒருவர் பெயரும் எங்கள் வருகைக் கணக்கில் இல்லை, ஆகவே இவர்கள் இங்கே வேலை செய்ததே இல்லை, இவர்கள் யார் என்றே எங்களுக்குத் தெரியாது என்று. பதிலிகளின் வக்கீல் முதல் வாய்தாவுக்கு வந்தார். அப்புறம் அவருக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லியனுப்புவார்கள். கல்யாண வீடுகளில் மட்டும் அவரைப் பார்க்க முடிந்தது.

“இவனுவள நம்பி ஆவறதில்ல. நம்மாளு ஒருத்தன் கருப்புக் கோட்டு போட்டாத்தான் உண்டு” என்று ஒரு நாள் குஞ்சம்மாள் சொன்னாள். நூல் சுற்றுகிற ரீலிங் பகுதியில் பதிலிக்கு நிற்பவள். அவள் சொன்னால் மற்றவர்கள் மறுத்துப் பேசுவதில்லை. நாற்பது பேரில் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவன் கன்னியப்பன் ஒருவன்தான். இருபத்தெட்டு வயது முடிந்தவனைக் கலாசாலையில் சேர்க்க மாட்டார்கள். அவனுக்கு வருகிற தை மாதம் இருபத்தெட்டு முடிகிறது. இந்த வருஷம் விட்டால் கிடையாது.

மாதிரி வினாக்களை மில் வாசலில் வைத்துத்தான் படித்தான். படிக்க விட்டால்தானே.

“சத்தமா படி, நாங்களும் கேக்கறோம்” என்றான் பக்கிரி. கன்னியப்பனோடு கூடப் படித்து, மூன்றாம் வகுப்போடு நின்றவன்.

கன்னியப்பன் படித்தான். “கலியமூர்த்தி ஆலைத் தொழிலாளி. நேற்று அவர் வேலைக்குச் செல்லவில்லை. இதிலிருந்து பெறப்படுவது யாது?”

“குடிச்சிட்டுக் கெடந்திருப்பான்” என்றான் பக்கிரி.

“நீ குடிச்சா ஊரே குடிச்சிருக்குமா? புள்ளைக்கு ஜொரமா இருக்கும். பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனிருப்பா. இவன் கூட போனிருப்பான்” என்றாள் குஞ்சம்மாள்.

“கலியமூர்த்தி பொண்டாட்டி அவங்கூட இல்ல, அம்மா ஊட்டுக்குப் போயிட்டா” என்றான் பக்கிரி.

“அது நம்ம கலியமூர்த்திடா. இது பேப்பர்ல இருக்கற கலியமூர்த்தி” என்றான் கன்னியப்பன்.

“பேப்பர்ல இருக்கறவனுக்குப் பொண்டாட்டி இருக்கக்கூடாதா?” என்றாள் குஞ்சம்மாள்.

பதிலிகளிலேயே மூத்தவர் அம்மாவாசை. முப்பது வருஷமாகப் பதிலி. அவர் பீடியை எடுத்துவிட்டுச் சொன்னார். “அவன் போவல, சரி. அவன் டோக்கன்ல யாரு போனது? அதப் போட்டிருக்கானா பாரு.”

“அதெல்லாம் இல்ல மாமா.”

“அப்பறம் என்ன கேள்வி இது?”

கன்னியப்பன் விடையைப் பார்த்தான். “சரியான விடை, இ. கலியமூர்த்தி நேற்று வேலையிடத்தில் இல்லை.”



“அதான் அவனே சொல்லிட்டானே” என்றான் பக்கிரி. “சொன்னதையே திருப்பிச் சொன்னா வக்கீலா? அப்ப எங்கூட்டுக் கிளி ஜட்ஜு.”

குஞ்சம்மாள் சிரிக்கவில்லை. “நீ அவனுக்கு எது வேணுமோ அத எழுதிட்டு வா கன்னியப்பா. நம்ம ஞாயத்த உள்ள போயி வெச்சிக்கலாம்” என்றாள்.

தேர்வு நாள் வந்தது. கலாசாலை மண்டபத்தில் ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். வெளியுலகத்தைப் பார்த்து எவனும் எதையும் அனுமானித்துவிடக்கூடாது என்பதற்காக என்று மொசியே விளக்கினார். இரண்டு பேர் மயக்கம் போட்டார்கள். அவர்கள் மயங்கியதாகக் காகிதத்தில் எதுவும் இல்லாததால் தேர்வு தொடர்ந்து நடந்தது.

கன்னியப்பன் பாதி வரை தடுமாறாமல் வந்தான். அப்புறம் இப்படி ஒரு கேள்வி.

‘ஓர் ஆலையில் காலையில் நூறு பேர் உள்ளே சென்றனர். மாலையில் தொண்ணூற்றொன்பது பேர் வெளியே வந்தனர். இதிலிருந்து பெறப்படுவது யாது? அ. ஒருவர் கூடுதல் நேரம் வேலை செய்கிறார். ஆ. ஒருவர் வேறு வழியாக வெளியேறிவிட்டார். இ. ஒருவர் இறந்துவிட்டார். ஈ. மேற்கண்ட எதையும் உறுதியாகக் கூற இயலாது.’

அவனுக்கு அந்த ஒருவரைத் தெரியும். அவனைப்போல் பதிலி, சின்னப்பாப்பா. மணியம்மாள் என்கிற நிரந்தரக்காரியின் டோக்கனில் போனவளை, பெல்ட்டில் முந்தானை சிக்க, மிஷின் உள்ளே இழுத்துக்கொண்டது. உடம்பைத் துணிக் கழிவு ஏற்றுகிற வண்டியில் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். நியாயம் கேட்கப் போனவர்களிடம் மேனேஜர் வருகைக் கணக்கைக் காட்டினார். அன்றைக்கு அந்த மிஷினில் இருந்தது மணியம்மாள். மணியம்மாள் உயிரோடு வீட்டில் இருக்கிறாள், வேண்டுமானால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், ஆகவே இங்கே யாரும் சாகவில்லை என்றார். போய்ப் பார்த்தார்கள். மணியம்மாள் உயிரோடுதான் இருந்தாள். ஓயாமல் அழுதுகொண்டிருந்தாள்.

‘இ’ என்று போடப் போனான். அப்போது அவனுக்கு ஒரு வழி பிடிபட்டது. இதற்கு மில் நிர்வாகத்தின் வக்கீல் என்ன சொல்வான் என்று யோசித்தான். உடனே ‘ஈ’ என்று போட்டான். அடுத்த கேள்விக்கும் அப்படியே யோசித்தான். அதற்கடுத்ததற்கும். அதன் பிறகு ஒரு கேள்வியும் கஷ்டமாக இல்லை.

முடிவு வந்தபோது ஏழாவதாக வந்திருந்தான்.

அடுத்தது நேர்முகம். தேர்வுக் குழுத் தலைவர் ராமலிங்கம் நடுவில் உட்கார்ந்திருந்தார். எதற்கும் தலையாட்டும் பழக்கம் உள்ளவர் என்பதால் அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். வலது பக்கம் மொசியே தேவசகாயம். இடது பக்கம் ஒப்பந்தச் சட்டம் நடத்தும் சுலோசனா அம்மாள், வருகிறவர் பெயரைக் குறித்துக்கொள்வதற்காக.

மொசியே அவனை மேலிருந்து கீழே பார்த்தார்.

“முத்தியால்பேட்டையா?”

“ஆமாங்க.”

“மில்லா?”

“பதிலிங்க.”

“ஆகவே கலகக்காரர்.” ராமலிங்கம் தலையாட்டினார். “தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. ஆகவே சுத்தம் கிடையாது. காதிலும் இருக்கிறது. ஆகவே பெரியவர்கள் சொல்வதைக் கேட்க மாட்டார். சட்டையில் இரண்டு பொத்தான் வேறு வேறு நிறம். ஆகவே நிலையான கொள்கை இல்லை.”

“ஐயா, காயிதத்துல இல்லாத எதையும் சேத்துக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றான் கன்னியப்பன். கிண்டலாகச் சொல்லவில்லை. தேர்வுக்கு ஒரு முறை, நேர்முகத்துக்கு ஒரு முறை இருக்கிறதோ என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

மொசியேவுக்கு முகம் மலர்ந்தது. “நல்ல கேள்வி. அனுமானிக்கக் கூடாது என்பது மாணவர்களுக்கு. நாங்கள் அனுமானிப்பதில்லை. பார்த்தவுடன் அறிந்துகொள்கிறோம். மனித குலத்தில் சிலருக்கு அந்தப் பொறுப்பு இருக்கிறது. சரி, ஒரு மில் கூலிக்காரன் ஏழாவதாக வருகிறான். இதிலிருந்து பெறப்படுவது யாது?”

கன்னியப்பன் வழக்கம்போல் மில் வக்கீலை நினைத்துக்கொண்டான். நினைத்ததும் விடை தெரிந்துவிட்டது.

“காப்பியடித்திருக்கிறான்” என்றார் ராமலிங்கம், முதல் தடவையாகச் சொந்தமாக.

“ஆனால் உறுதியாகக் கூற இயலாது. நாம் நியாயவான்கள். ஆகவே தள்ளவும் வேண்டாம், கொள்ளவும் வேண்டாம்” என்றார் மொசியே.

அவனுக்கு அடுத்து உள்ளே போனவன் இராமதாஸ். தவளக்குப்பத்தில் சாராயக் கடைகள் வைத்திருக்கிற பெரிய மனிதரின் மகன். அப்பாவும் கூடவே உள்ளே போனார். தேர்வில் இராமதாஸ் எல்லாவற்றுக்கும் ‘அ’ என்று போட்டிருந்தான். இதிலிருந்து அவனிடம் உறுதியான கொள்கை இருப்பது பெறப்பட்டது. இடம் கிடைத்தது.

கன்னியப்பன் வீட்டுக்குத் தபால் வந்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் இடம். ‘சேர்ந்தவர்களில் எவரேனும் வராத பட்சத்தில், அவ்விடத்தில் பட்டியலின் வரிசைப்படி அனுமதிக்கப்படுவர்’ என்று போட்டிருந்தது.

மில் வாசலில் அதைப் படித்துக் காட்டினான். ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

“அட, இது நம்ம கணக்குடா” என்றான் பக்கிரி. “எவனாச்சும் வரலன்னா உள்ள போ. அவ்ளோதான்.”

“மொத ஆளா வேற போட்டிருக்கான். நமக்கெல்லாம் ஒரு நாளு மொத ஆளு, ஒரு நாளு கடசி ஆளு” என்றார் அம்மாவாசை பொறாமையோடு.

கன்னியப்பன் மறுபடி மறுபடி படித்துப் பார்த்தான். காகிதத்தில் இருந்தது அவ்வளவுதான். இல்லாத எதையும் அவன் சேர்த்துக்கொள்ளவில்லை.

கலாசாலை திறந்த அன்றைக்குக் காலையில் போய் வாசலில் நின்றான். காவலாளி முருகையன், கனகசெட்டிக்குளத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர், அவனைக் கவனித்தார்.

“யாருப்பா நீ? என்னா வேணும்?”

“காத்திருப்போர் லிஸ்ட்டுல இருக்கறேண்ணே. காத்திருக்க வந்தேன்.”

முருகையன் இருபது வருஷமாகக் காவலிருக்கிறார். இப்படி ஒருவரும் வந்ததில்லை. “இங்கயா காத்திருக்கணும்?”

“வேற எங்கண்ணே நிக்கறது? சங்கு எப்ப?”

“சங்கு இல்ல. மணிதான். பத்துக்கு அடிப்பான்.”

“யாராச்சும் வரலன்னா கூப்புடுவாங்களா?”

“வரலன்னா நீதான் போவணும். மொத ஆளாச்சே” என்றார் முருகையன். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை நல்ல மனசோடு சொன்னார்.

மூன்று நாள் நின்றான். வாசலில் ஒருவன் தினமும் நிற்பது பற்றிக் குழு கூடி ஆராய்ந்தது. மறியல் என்றார் ராமலிங்கம். மறியல் என்றால் கோஷம் இருக்க வேண்டும், இது மௌனம், ஆகவே உண்ணாவிரதம் என்றார் மொசியே. அவன் தினமும் வாசலிலேயே கேழ்வரகுக் கூழ் குடிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் உண்ணாவிரதம் நல்லபடியாக முடிந்துவிட்டதாகக் குறிப்பு எழுதிக் கூட்டத்தைக் கலைத்தார்கள். நீ ஏன் நிற்கிறாய் என்று அவனைக் கேட்கலாம் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

நாலாம் நாள்தான் வருகைப் பதிவு தொடங்கி, சுலோசனா அம்மாள் பெயர் வாசித்தது வாசல் வரை கேட்டது. “இராமதாஸ்.” பதில் இல்லை. “இராமதாஸ்.” முருகையன் திரும்பிப் பார்த்தார். “போ, போ” என்று கையைக் காட்டினார்.

கன்னியப்பன் வகுப்பு வாசலில் போய் நின்றான். “அம்மா, இராமதாஸ் வரலீங்க. அவர் எடத்துக்கு நான்.”

சுலோசனா அம்மாள் தலை நிமிரவில்லை. எண்பது பெயரை வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது என்பது அவர் கவலை. “வந்துட்ட இல்ல, உக்காரு” என்று குறித்துக்கொண்டார்.

உட்கார்ந்தான். மறுநாளும் இராமதாஸ் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நல்ல டோக்கன் மாட்டியது என்று கன்னியப்பன் சந்தோஷப்பட்டான். மில்லில்கூட இத்தனை நாள் தொடர்ந்து ஒரே பெயரில் அவன் இருந்ததில்லை. காலையில் கலாசாலை, மதியச் சங்குக்கு மில் வாசல் என்று ஓடினான். இராமதாஸ் என்று கூப்பிட்டால் “உள்ளேன்” என்றான். பரீட்சை வந்தது. இராமதாஸ் என்று எழுதச் சொன்னார்கள், எழுதினான். டோக்கன்காரன் பெயரைத்தானே எழுத வேண்டும்.

வகுப்பில் கேட்டதையெல்லாம் மில் வாசலில் வந்து சொன்னான். நாற்பது பேரும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒப்பந்தம் என்றால் என்ன என்று அவன் விளக்கியபோது குஞ்சம்மாள் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள். “கையெழுத்து போடலன்னாலும், வேல வாங்கிட்டா ஒப்பந்தந்தானா?”

“ஆமாக்கா. அப்பிடித்தான் சொன்னாங்க.”

“பேரு இல்லாட்டியும்?”

“அதுவரிக்கும் இன்னும் நடத்தல.”

“சீக்கிரம் நடத்தச் சொல்லு” என்றாள்.

அரையாண்டு முடிந்ததும் சிறந்த மாணவருக்கு ‘அனுமானச் செம்மல்’ என்று பட்டமும் வெள்ளிக் கோப்பையும் கொடுப்பதென்று கலாசாலை தீர்மானித்தது. மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தார்கள். இராமதாஸ்.

தவளக்குப்பத்துக்குச் செய்தி போனது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கலாசாலைக்குப் போகாமலே முதலாவதாக வந்துவிட்டான், போனால் என்ன ஆவானோ என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். விழாவுக்கு பேண்டு வாத்தியத்தோடு மகனை அழைத்து வந்தார்.

மேடையில் மொசியே பேசினார். “இராமதாஸை முதல் நாள் பார்த்தபோதே நான் அறிந்துகொண்டேன். அந்த முகம், அந்தப் பரம்பரை! இதோ, நான் அறிந்தது மெய்யாகிவிட்டது. இராமதாஸ் மேடைக்கு வரவும்.”

முன்வரிசையிலிருந்து பட்டு ஜிப்பா போட்ட ஒருவன் எழுந்தான். மூன்றாவது வரிசையிலிருந்து கன்னியப்பனும் எழுந்தான். பழக்கம். அவன் எழுந்ததும் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களுக்கு அவன்தான் இராமதாஸ். இரண்டு பேரும் மேடைப் படியில் சந்தித்துக்கொண்டார்கள்.

சுலோசனா அம்மாள் அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்தார். பட்டு ஜிப்பாக்காரனைக் காட்டி, “இது யாரு?” என்று கேட்டார்.

விழா பாதியில் நின்றது. பேண்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லாததால் அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே விசாரணை நடந்தது.

கன்னியப்பன் எதையும் மறைக்கவில்லை. தபாலை எடுத்துக் காட்டினான். அவர் வரவில்லை, நான் வந்தேன் என்றான். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்பது அவனுக்கு இன்னும் விளங்கவில்லை.

“நீ வக்கீலாவதற்கு ஆசைப்பட்டாய். அதற்கு ஒரு வழி இருந்தது” என்று ராமலிங்கம் விதிமுறையைப் பிரித்தார். “சேர்ந்த மாணவர் தொடர்ந்து ஒரு மாதம் வரவில்லையெனில் அவர் இடம் காலியானதாகக் கருதப்படும். காத்திருப்போர் பட்டியலில் முதல்வருக்கு அந்த இடம் சேரும்.”

கன்னியப்பன் ஒரு எட்டு முன்னால் வந்தான். “அப்ப எனக்குத்தாங்களே! அவரு ஒரு நாள்கூட வரலீங்களே!”

“யார் சொன்னது?” என்றார் மொசியே. வருகைப் பதிவை அவன் பக்கம் தள்ளினார். “இராமதாஸ் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இந்தக் கலாசாலையின் வரலாற்றிலேயே இப்படி ஒழுங்காக வந்த மாணவர் வேறு யாரும் இல்லை.”

“அது நான்தாங்க.”

“நீங்களா? கன்னியப்பன் என்று ஒருவர் இங்கே வந்ததாக எங்கும் இல்லையே.”

“அம்மா, நீங்க சொல்லுங்கம்மா. தெனம் கூப்புட்டீங்களே.”

சுலோசனா அம்மாள் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். “நான் இராமதாஸ்னுதான் கூப்புட்டேன். இராமதாஸ்தான் உள்ளேன்னு சொன்னது” என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“பாவம்தான்” என்றார் ராமலிங்கம். “நீ வராமலே வீட்டில் கிடந்திருந்தால், இந்நேரம் அந்தச் சீட்டு உனக்கு வந்திருக்கும். நீ வந்து வந்து அவர் சீட்டைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டாய். பட்டியலும் போன மாதமே காலாவதி.”

“ஆள்மாறாட்டத்துக்கு போலீசில் கொடுக்கலாமா?” என்று கேட்டார் இராமதாஸின் அப்பா.

“இயலாது” என்றார் மொசியே வருத்தத்தோடு. “வராத ஒருவர்மீது நடவடிக்கை எடுக்க விதியில்லை. இராமதாஸே, கோப்பையை வாங்கிக்கொள்ளுங்கள்.”

வெளியே வந்தபோது பேண்டு ஓய்ந்திருந்தது. இராமதாஸ் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான். கெட்டவன் இல்லை. கண் கலங்கியிருந்தான்.

“அண்ணே, நில்லுங்கண்ணே. நாளைக்கும் வாங்கண்ணே. மொசியேகிட்ட அப்பா பேசிட்டாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மூணு வருஷந்தானே.”

கன்னியப்பன் கேட்டான். “நீ வக்கீலானா எங்க கேச எடுப்பியா தம்பி?”

“எடுக்காமயா? சத்தியமா எடுக்கறேன். ஆனா கோர்ட்டுக்கு என் எடத்துல நீங்கதாண்ணே போவணும். எனக்கு அங்கல்லாம் பேச வராது.”

மதியச் சங்குக்குள் கன்னியப்பன் மில் வாசலுக்கு வந்து சேர்ந்தான். அவனே நடந்ததைச் சொன்னான். சொல்லி முடிக்கும் வரை ஒரு பீடிகூடப் பற்றவில்லை.

“அப்ப படிப்பு போச்சா?” என்றான் பக்கிரி.

“படிப்பு இருக்குது. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கான்.”

“வக்கீலாவறது?”

“இராமதாஸ் ஆவாரு.”

“கோர்ட்டுல நமக்குப் பேசறது?”

“நான்தான் பேசணும். அவரு பேர்ல.”

குஞ்சம்மாள் சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள்.

“வுடு. எவன் பேர்ல பேசினா என்ன, பேசறது நம்ம வாயி. நாளைக்குப் போ. அந்தப் பேரு இல்லாட்டின்னு கேட்டனே, அத நடத்துற வரிக்கும் போ. அப்பறம் பாத்துக்கலாம்.”

கன்னியப்பன் சரி என்றான். மற்றவர்களும் சரி என்பதுபோல் முனகினார்கள். அம்மாவாசை மட்டும் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்பா,” என்றார், “கேசு ஜெயிச்சிட்டம்னு வையி. வேல யாரு பேர்ல வரும்?”

சங்கு ஊதியது. எல்லாரும் எழுந்து, வாசலை ஒட்டிப் போய் நின்றார்கள்.